கோந்தும் வெயிலும்

"ஸ்டிக்கர் பிரச்சினையே இல்லீங்க மேடம். ஸ்டிக்கர் என்னா செய்யப் போவுது? ஸ்டிக்கருக்குப் பின்னால இருக்கிறதைத்தான் நான் கேக்கிறேன்."

"பின்னால கோந்து."

"என்னா கோந்துங்க?"

"ஒட்டுற கோந்து," என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெயராமன். "ஒட்டாத கோந்து எங்கயாவது கிடைச்சா சொல்லுங்க, வாங்கி வெச்சுக்கறோம்."

"அப்பா, ஸ்வல்ப சும்மா இருங்க, கொஞ்ச நேரம்," என்றாள் அவர் மகள் வித்யாலட்சுமி.

உத்தமன் சிரிக்கவில்லை. இயற்கை விளைபொருளுக்குச் சான்று கொடுக்கிற நிறுவனத்திலிருந்து தோப்பைப் பார்வையிட வந்த ஆய்வாளர் அவன். முப்பது வயதிருக்காது. தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. வித்யாலட்சுமி கொடுத்த மோரை அவன் தொடவே இல்லை. ஆய்வுக்குப் போகிற இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். அது விதியில்லை என்றும், தன் பழக்கம் என்றும் சொல்லிவிட்டு, பைக்கில் தொங்கிய தன் பாட்டிலிலிருந்து குடித்தான். பிறகு தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திரா தாண்டி ஆனேக்கல் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் செந்தூரா மாந்தோப்பில், கைக்கு எட்டுகிற கிளையில் தொங்கிய பழத்தின் மேலும், ஏணி போட்டால் எட்டுகிற பழத்தின் மேலும், ஒவ்வொன்றிலும் கண்ணாடி போன்ற ஒரு சின்னச் சதுரம் ஒட்டப்பட்டிருந்தது. சதுரத்துக்குள் கறுப்பு மையில் ஓர் எண். காற்று அடித்தபோது எல்லாச் சதுரங்களும் ஒரே சமயத்தில் மின்னின. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மே மாதக் காலை அது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"மரத்துல தொங்கும்போதே ஒட்டியிருக்கீங்க," என்றான் உத்தமன். திட்டுகிற குரலில் இல்லை. தான் பார்ப்பது உண்மைதானா என்று உறுதி செய்துகொள்கிறவனின் குரலில் சொன்னான்.

"ஆமா."

"ஏனுங்க மேடம்?"

அதைச் சொல்லத் தொடங்கினால் வித்யாலட்சுமியின் மூன்று வருஷத்தையும் சொல்ல வேண்டும். வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவள் பிழை கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தாள். மற்றவர்கள் எழுதிய நிரல் எங்கே இடறும் என்று பார்க்கிற வேலை. அப்பா மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று, தோப்பை மனைக்கட்டாகப் பிரித்து விற்றுவிடலாம் என்று பேச ஆரம்பித்த வருஷம் அவள் வேலையை விட்டாள். மருந்து அடிக்காமல், உப்பு உரம் போடாமல் மூன்று வருஷம் நிலத்தை ஆறவிட்டால் இயற்கைச் சான்று கிடைக்கும், சான்றோடு பழத்தை விற்றால் தோப்பு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அவரிடம் சொன்னாள். அவர் யோசித்து ஒரு முடிவு சொன்னார். சான்று வந்தால் தோப்பு. வராவிட்டால் லேஅவுட். மைசூரில் இருந்த அவள் அக்காவும் அதற்குச் சம்மதித்தாள். அந்த மூன்றாவது வருஷம் இது. சான்று வரப் போகிறதா என்பது இப்போது மோர் குடிக்காத இந்த மனிதனின் கையில் இருந்தது.

"போன வருஷம் வந்த ஆய்வாளர் ஒண்ணு சொல்லிட்டுப் போனார்," என்றாள். "பக்கத்துத் தோப்புல மருந்து அடிக்கறாங்க. அறுவடை ரெண்டு பேருக்கும் ஒரே சமயம், பறிக்கிற ஆளுங்களும் அதே ஆளுங்க. கூடையில அவங்க பழம் ஒண்ணு கலந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பழமும் எந்த மரத்துப் பழம்னு உங்களால காட்ட முடியணும்னு சொன்னார்."

"அவரு கூடைக்குச் சொல்லியிருப்பாருங்க. கூடைக்கு ஒரு சீட்டு."

"கூடை வரைக்கும் வர்றதுக்குள்ளயே கலந்துட்டா?"

உத்தமன் கையிலிருந்த குறிப்பு அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டான்.

"இவ ஆபீஸ்ல நாற்காலிக்கு நம்பர் ஒட்டுவாங்க," என்றார் ஜெயராமன். "கம்ப்யூட்டருக்கு, மேஜைக்கு, தண்ணி வர்ற மிஷினுக்கு, எல்லாத்துக்கும். அங்க கத்துக்கிட்டது. நல்லவேளை எனக்கு ஒட்டலை."

அதுதான் உண்மை. அந்த யோசனை அலுவலகத்தில் இருந்துதான் வந்தது. நாற்காலி தொலையாமல் இருக்க அதன் அடியில் எண் ஒட்டுகிறார்கள், நாற்காலி எங்கே உருண்டு போனாலும் அது யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. மாம்பழமும் உருளக்கூடியதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன அச்சகத்தில், மழைக்கு நிற்கிற மையில், கண்ணாடித் தாள் ஸ்டிக்கரில் எண்களை அச்சடித்து வாங்கினாள். ஏப்ரல் நடுவில், காய் முழுசாகப் பருத்து, நிறம் ஏறுவதற்கு முன்னால், தோப்பு வேலை பார்க்கிற லட்சுமம்மாவும் அவள் தங்கை வீட்டுப் பெண்களும் ஏணி போட்டு ஒட்டினார்கள். அதில் ஏதாவது தவறு இருக்கும் என்று வித்யாலட்சுமிக்கு ஒரு கணமும் படவில்லை. பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவள் அவள்.

"திருஷ்டிக்குன்னு நெனச்சேன் சாரு," என்றாள் லட்சுமம்மா. அவள் மரத்தடியில் கூடைகளுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். "இவ்ளோ காய் காச்சிருக்கே, ஊரு கண்ணு பட்டுடும்னு வித்யா அக்காவ்ரு பொட்டு வெக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு, ஒவ்வொண்ணுக்கும் சாமி பேரைச் சொல்லி ஒட்டினேன். அப்புறம் பாத்தா நம்பரு அந்தே, நம்பராம்!"

உத்தமன் கையிலிருந்த அட்டையை மூடினான். "இங்க பாருங்க மேடம். நான் புரியற மாதிரி சொல்றேன். இதே ஸ்டிக்கரை நீங்க பழத்தைப் பறிச்சு, தொடைச்சு, பெட்டியில அடுக்கறப்ப ஒட்டியிருந்தா நான் ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன். கடையில வெச்சிருக்கிற பழத்து மேல எல்லாம் ஒட்டியிருக்குது. யாரும் ஸ்டிக்கரைத் திங்கறதில்ல, தோலைச் சீவிட்டுதான் திங்கறாங்க. அந்த லேபிளால பழம் இயற்கைப் பழமா இல்லாம போயிடாது. ஆனா மரத்துல இருக்கும்போது பழம் வளர்ந்துக்கிட்டு இருக்குது. மூச்சு விடுது. அப்ப அது மேல எதைப் போட்டாலும் அது இடுபொருள். உரம் ஒரு இடுபொருள், மருந்து ஒரு இடுபொருள். பறிச்ச பழத்துல ஒட்டினா லேபிள். தொங்கற பழத்துல ஒட்டினா இடுபொருள்."

"அதே ஸ்டிக்கர்தானே?"

"அதே ஸ்டிக்கர்தானுங்க."

"இடுபொருள்னு ஆயிட்டா?"

"அனுமதிச்ச இடுபொருளான்னு பாப்பாங்க. கோந்துல என்னா இருக்குதுன்னு அச்சகத்துக்காரனுக்கே தெரியாது. அனுமதி இல்லாத பொருளுன்னு முடிவானா, மூணு வருஷக் கணக்கு திரும்ப முதல்ல இருந்து."

வித்யாலட்சுமி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"எனக்குக் கோந்துன்னாலே ஒரு இதுங்க," என்று உத்தமன் தொடர்ந்தான், கொஞ்சம் தணிந்து. "எங்க அக்கா சின்ன வயசுல இருந்து ஸ்டிக்கர் பொட்டுதான் வெக்கும். ஒரே இடத்துல. இப்ப நெத்தியில அந்த இடம் வெள்ளையாப் போயிடுச்சு. பொட்டு வெச்சாலும் வெக்காட்டியும் வட்டமாத் தெரியும். ஒரு துளி கோந்து, பாருங்க. அதான் கேட்டேன்."

லட்சுமம்மா தன் நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் தோப்புக்குள் நடந்தார்கள். முதல் வரிசையில் நிழல் பக்கமாகத் தொங்கிய ஒரு பழத்தின் ஸ்டிக்கரை உத்தமன் நகத்தால் நிமிண்டி உரித்தான். அடியில் பச்சை. சுற்றிலும் பச்சை. விரலால் தடவினான், கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும். அவன் தலையசைத்துவிட்டு மேற்கு வரிசைக்குப் போனான். அங்கே மறைப்பு எதுவும் இல்லை; மத்தியானத்திலிருந்து அந்தி வரை நேர் வெயில் விழுகிற இடம். செந்தூரா அங்கேதான் தன் பெயருக்கு ஏற்ற நிறத்தில் இருக்கும். வெயில் பட்ட தோள் முழுக்கக் குங்குமச் சிவப்பு. படாத வயிற்றுப் பக்கம் மஞ்சள் கலந்த பச்சை. கண்ணுக்கு நேராகத் தொங்கிய ஒரு பழத்தைக் கையில் ஏந்தி, பறிக்காமலே ஸ்டிக்கரின் ஓரத்தை அவன் மெல்லத் தூக்கினான்.

அப்புறம் கையை எடுத்துவிட்டான்.

"பாத்தீங்களா," என்றான் மெதுவாக. "வெளுத்திருக்குது."

வித்யாலட்சுமி குனிந்து பார்த்தாள். சிவப்பின் நடுவே ஏதோ வெளிறித் தெரிந்தது. அவளுக்கு உத்தமனுடைய அக்காவின் நெற்றி ஞாபகத்துக்கு வந்தது. பார்த்தே இராத ஒரு நெற்றி. ஒவ்வொரு பழத்துக்கும் இப்படி ஆகியிருக்குமா? ஏணியில் ஏறி, ஒன்றுவிடாமல், அத்தனை பழங்களின் நெற்றியையும் நாமே சுட்டுவிட்டோமா?

"நகருங்க, நகருங்க," என்று ஜெயராமன் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பழத்துக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, இது நம்பர்."

"ஸ்டிக்கரை உரிச்சாச்சே அப்பா."

"உரிச்சாச்சு. ஆனா நம்பர் இருக்கு. இரு. ஒண்ணு. ஒன்பது. ஏழு. கடைசியில நாலு."

உத்தமன் உரித்த ஸ்டிக்கரைத் தன் விரல் நுனியில் தூக்கிப் பிடித்தான். கண்ணாடிச் சதுரத்தில் கறுப்பாக 1974. பழத்தின் தோளில், ரத்தச் சிவப்புத் தோலுக்குள், அச்சு அசலாக அதே எழுத்து வடிவில், இளம் மஞ்சளில் 1974.

அவன் எச்சில் தொட்ட கைக்குட்டையால் தேய்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். தோல் கீறியது, மஞ்சள் அப்படியே இருந்தது. மை ஒட்டிக்கொண்டது இல்லை. தோலின் நிறமே அது.

ஹோசூர் சாலைப் பக்கமிருந்து ஏதோ தொழிற்சாலையின் ஷிப்டு சங்கு ஊதி ஓய்ந்தது.

உத்தமன் அடுத்த பழத்துக்குப் போனான். உரித்தான். அதிலும் எண். அடுத்ததில். அதற்கடுத்ததில். நின்று நிதானமாகத்தான் உரித்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கரைத் தூக்குமுன் அவன் மூச்சைப் பிடிப்பது வித்யாலட்சுமிக்குத் தெரிந்தது. அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற ஒருவரின் கண்ணிமையைத் திறந்து பார்ப்பதுபோல இருந்தது. சதுரம் விலகும், உள்ளே அந்த எண் விழித்திருக்கும்.

"கோந்து இந்தச் சதுரம் பூராவும் இருக்குது," என்றான் அவன், தனக்குள் பேசிக்கொள்வது போல. "மேல இருந்து கீழ வரைக்கும். கோந்து வெளுக்க வெச்சிருந்தா சதுரமா வெளுத்திருக்கணும். சதுரமா வெளுக்கலீங்க. சதுரம் பூரா வெளிய இருக்கிற மாதிரியே செவந்திருக்குது. நம்பரு மட்டும்..."

"நம்பர் மட்டும் வெயிலை மறைச்சிருக்கு," என்றாள் வித்யாலட்சுமி.

மை மேலே இருந்தது. பழத்தைத் தொடவே இல்லை. கண்ணாடி வழியாக வெயில் நுழைந்து தோலைச் சிவக்க வைத்திருக்கிறது. மை இருந்த கோடுகளில் மட்டும் நுழைய முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அது ஒரு நாளில் நடந்தது இல்லை. அவள் இங்கே அச்சகக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், மைசூருக்குப் போய், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அக்காவின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்த நாளில், சான்று வருமா வராதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம், யாரும் சொல்லாமல், எங்கோ எத்தனையோ தொலைவிலிருந்து கிளம்பிய வெளிச்சம் இந்தத் தோப்புக்கு வந்து, ஒவ்வொரு பழமாக நின்று, ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறது. இரண்டு பழங்களுக்கு ஒரே எண்ணைப் போடவில்லை. ஓர் இலக்கத்தைத் திருப்பிப் போடவில்லை. அவள் எத்தனையோ பேருடைய வேலையைச் சோதித்திருக்கிறாள். பிழையே இல்லாத வேலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"அய்யோ தேவரே! இங்க நோடி, பாருங்க அக்காவ்ரே, இங்க வாங்க!"

லட்சுமம்மாவும் ஒரு மரத்தில் உரிக்கத் தொடங்கியிருந்தாள். அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டு ஸ்டிக்கர்களில் மை சரியாகக் காயாமல் இருந்தது. ஒட்டிய பெண்களின் விரலெல்லாம் கறுப்பாகி, அந்தக் கறுப்பு அடுத்தடுத்த ஸ்டிக்கர்களிலும் படிந்திருந்தது. அப்படி ஒன்றை உரித்த இடத்தில், எண்ணுக்குப் பக்கத்தில், சிவப்புத் தோலில் ஒரு கட்டைவிரல் ரேகை மஞ்சளாக விழுந்திருந்தது. சுழி, கோடுகள், நடுவில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. லட்சுமம்மா தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே தழும்பு.

"நந்தே இது," என்றாள். "என் கை. நான் ரேஷன் கடையில வெக்கிறனே, அதே. பழத்துக்குள்ள போயிடுச்சு சாரு!" அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் ஜெயராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போயிருந்தார். அங்கிருந்து அவருடைய குரல் வந்துகொண்டிருந்தது. "ரெண்டு ஆறு ஒண்ணு எட்டு! வித்யா, இங்க ஒண்ணு தலைகீழா ஒட்டியிருக்காங்க, அதுவும் தலைகீழாவே வந்திருக்கு!"

"சார்! உரிக்காதீங்க சார்!" என்று உத்தமன் கத்தினான். "அத்தனையும் ஆதாரம். நான் பாக்கறதுக்கு முன்னால உரிச்சா செல்லாது!"

"ஒண்ணே ஒண்ணு, தம்பி."

"அதையேதான் மூணு தடவை சொல்லிட்டீங்க சார்!"

உத்தமன் இன்னும் திருப்தியடையவில்லை. கோந்து இல்லாமலே இப்படி வருமா என்று தெரிய வேண்டும் என்றான். கோந்தே படாத, ஆனால் எதனாலோ மறைக்கப்பட்ட ஒரு பழம் வேண்டும். அதைத் தேடி அவர்கள் கிளைகளை விலக்கிக்கொண்டு போனார்கள். ஒன்றையொன்று உரசித் தொங்கிய இரண்டு பழங்களைப் பிரித்துப் பார்த்தபோது, தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் இரண்டிலும் வெளிறிய வட்டம் இருந்தது. அதுவே போதும் என்றாள் வித்யாலட்சுமி. போதாது, உரசினாலும் அப்படி ஆகலாம் என்றான் உத்தமன்.

கடைசியில் அதை முசுறு எறும்புகள்தான் காட்டின. மரத்தின் வெளிக்கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்து அவை ஒரு கூடு கட்டியிருந்தன. கூட்டின் ஓரத்து இலை ஒன்றை, பக்கத்தில் தொங்கிய பழத்தின் தோளோடு வெள்ளை நூலால் இழுத்துக் கட்டியிருந்தன. உத்தமன் அந்த நூலை அறுத்து இலையைத் தூக்கியதும் எறும்புகள் அவன் கையில் ஏறிக்கொண்டன. "ஸ்ஸ்" என்றான், கையை உதறவில்லை. பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழத்தின் மேல் ஓர் இலை இருந்தது. நீண்டு, நுனி வளைந்து, வெளிர் மஞ்சளில், மாவிலை அளவில் ஒரு மாவிலை. நிஜ இலையில் ஏதோ புழு கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. பழத்தின் மேலிருந்த இலையில், சரியாக அதே இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு. அந்தச் சின்ன ஓட்டைக்குள்கூட வெயில் புகுந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தது.

"கோந்து இல்ல. மை இல்ல. ஸ்டிக்கர் இல்ல," என்றார் ஜெயராமன், அருகில் வந்து. அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "எறும்பு ஒட்டியிருக்கு." பிறகு அவருடைய பழைய குரல் திரும்பியது. "ஏன் உத்தமன், எறும்பு ஒட்டினா இயற்கை, என் பொண்ணு ஒட்டினா இடுபொருளா? எறும்புக்கு யார் சர்ட்டிபிகேட் கொடுத்தது?"

"எறும்பு எங்ககிட்ட விண்ணப்பம் போடலீங்களே சார்."

முதல்முறையாக உத்தமன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையிலிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதி மரத்திலேயே விட்டான்.

பிறகு அவன் மரத்தடியில் உட்கார்ந்து தன் அட்டையைத் திறந்தான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இலைகளின் வழியாக அது அவன் சட்டையிலும் கையிலும் வட்ட வட்டமாக விழுந்து அசைந்தது. இந்த வட்டங்கள் அசையாமல் ஒரு மாதம் நின்றால் அவன் மேலும் ஏதாவது எழுதப்பட்டிருக்குமோ என்று வித்யாலட்சுமி நினைத்தாள். தன் மேல் இத்தனை வருஷமாக என்னவெல்லாம் எழுதப்பட்டிருக்கும்?

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் உத்தமன் நிமிராமல். "கோந்து பழத்தை ஒண்ணும் செய்யல. அதை நான் என் கண்ணால பாத்துட்டேன், அப்படியே எழுதறேன். ஆனா என் கேள்வி அது இல்லீங்க. வளர்ற பழத்து மேல வெளியில இருந்து ஒரு பொருளைப் போட்டீங்களா, இல்லையா. அதுக்கு ஆமான்னுதான் எழுத முடியும்."

"எழுதுங்க. நாங்க மறைக்கலையே."

"முடிவு நான் எடுக்கறதில்ல. கமிட்டி எடுக்கும்."

"கமிட்டி என்ன சொல்லும்?"

"தெரியாதுங்க. இப்பிடி ஒரு கேஸே அவங்க முன்னால வந்ததில்ல. லேபிளைப் பத்தி விதி இருக்குது. மரத்துலயே லேபிள் ஒட்டறதைப் பத்தி எழுதணும்னு யாருக்கும் தோணல."

"யாருக்குத்தான் தோணும், இவளைத் தவிர," என்றார் ஜெயராமன். அதில் கேலி இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் அவர் அதை வளர்க்கவில்லை. "அழகா இருக்கும்மா. ஒத்துக்கறேன். நான் இந்த மரங்களை வெச்சு இத்தனை வருஷமாச்சு, இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. ஆனா அழகுக்கு யாரும் சர்ட்டிபிகேட் தர மாட்டாங்களே. உன் அக்காவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். கமிட்டி வேண்டாம்னா, வேண்டாம்தான்."

"தெரியும்ப்பா."

உத்தமன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய பழங்களைப் பறித்தான். அதற்கு ஒரு முறை இருந்தது: கண்ணுக்குப் பிடித்ததை எடுக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கி, அதில் வந்த மரத்தில், வந்த திசையில், கைக்கு முதலில் தட்டுப்படுவதை எடுக்க வேண்டும். சீட்டில் வந்ததெல்லாம் கிழக்கு வரிசை. வீட்டின் நிழல் விழுகிற வரிசை. பச்சைப் பழங்கள். உரித்தால் அடியிலும் பச்சை. அவன் அவற்றை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போடுவதை வித்யாலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற இடத்தில் அந்தப் பழங்கள் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. கமிட்டிக்காரர்கள் நகரத்தில் ஓர் அறைக்குள், குழல் விளக்கின் அடியில், காகிதத்தைப் படிப்பார்கள். கோந்து என்று ஒரு சொல் இருக்கும். வெளிறிய அடையாளம் என்று ஒரு சொல் இருக்கும். அதைப் படிக்கிறவருடைய வீட்டிலும் ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற ஓர் அக்காவோ மனைவியோ இருப்பாள்.

"மேற்கு வரிசையில ஒண்ணு எடுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"எடுத்தா அது சாம்பிள் இல்லீங்க, நாம தேர்ந்தெடுத்தது."

"போட்டோ?"

"கேமரா கொண்டாரலீங்க. கொண்டாந்திருந்தாலும், நம்பரை யாரோ கத்தியால சொரண்டின மாதிரிதான் தெரியும்."

அவன் சொன்னது சரி. நேரில் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கே, சதுரம் விலகுகிற அந்தக் கணத்தை விட்டுவிட்டால், மற்றதெல்லாம் வெறும் நிறம்தான். அந்தக் கணத்தை எப்படி ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? கையால் உரிக்க வேண்டும். மூச்சைப் பிடிக்க வேண்டும்.

உத்தமன் பையைக் கட்டிப் பைக்கின் பின்னால் வைத்தான். மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்த ஜெயராமனுக்குக் கும்பிடு போட்டான். லட்சுமம்மாவிடம், "வர்றேங்க" என்றான். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

வித்யாலட்சுமி மேற்கு வரிசைக்கு ஓடினாள். வெளிக்கிளையில், யாரும் இன்னும் தொடாத ஒரு பழத்தைக் காம்போடு திருகிப் பறித்தாள். நல்ல சிவப்பு. ஸ்டிக்கர் நான்கு மூலையும் ஒட்டியபடி இருந்தது. காம்புப் பால் கையில் வழிய, அதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். அவன் வண்டியைக் கிளப்பியிருந்தான். அவள் கையில் பழத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"மேடம், நான் ஒரு டம்ளர் மோரே..."

"தெரியும். சாப்பிடக் கொடுக்கலை. உங்களுக்கும் கொடுக்கலை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாம்பிளும் இல்ல, இது. இதை அந்த ரூம்ல மேஜை மேல வைங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எங்களுக்காகப் பேச வேண்டாம். இந்த ஸ்டிக்கரை அவங்க கையால உரிக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான். அப்புறம் இயற்கை இல்லேன்னு முடிவு பண்ணினா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வண்டி அவன் காலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. ஜெயராமன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உத்தமன் பழத்தைப் பார்த்தான், அவள் கையில் வழிந்த பாலைப் பார்த்தான், பிறகு மறுபடியும் அந்தக் கறுப்பு எண்ணைப் பார்த்தான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"கொண்டு போறீங்களா, உத்தமன்?" என்று கேட்டாள் வித்யாலட்சுமி.